ரசீது யார் பெயரில்?
ஊர்ப்பொதுச் சொத்தும் சேரியும்

நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பற்றியோ தலைவர்களின் வாழ்க்கை பற்றியோ பேசுவது நம் வழக்கம். இந்த முறை கண்மாய் மீனையும் புளியமரக் குத்தகையையும் பற்றிப் பேசப்போகிறேன். நம் கதைகளில் ஊரும் சேரியும் வருகின்றன. கோயில், தேர், சுடுகாட்டுப் பாதை, தேநீர்க் கடை எல்லாம் வருகின்றன. ஊரின் வரவு செலவுக் கணக்கு மட்டும் அவ்வளவாக வருவதில்லை. அந்தக் கணக்குக்குள்தான் ஒரு பெரிய வரலாறு கிடக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி எளியது. ஒரு கிராமத்துக்குச் சொத்து இருக்கிறது, வருமானம் இருக்கிறது. கண்மாயில் மீன், கரையில் புளியும் பனையும், வாரச் சந்தை, மேய்ச்சல் நிலம், சில ஊர்களில் கல்லும் மணலும். இவற்றை ‘ஊருக்குச் சொந்தம்’ என்கிறோம். சட்டத்தில் அந்த ‘ஊர்’ யார்?

வேறு நாடுகளிலும் இந்தக் கேள்வி உண்டு. இந்தோனேசியாவில் 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டம் கிராமங்கள் சொந்தமாகத் தொழில் நிறுவனம் நடத்துவதை ஊக்குவித்தது. அந்த நிறுவனத்துக்கு வழக்காடவும் ஒப்பந்தம் போடவும் உரிமையுள்ள தனி ஆள்தன்மை உண்டா என்ற சர்ச்சை பல ஆண்டுகள் நீண்டு, 2020இல் வந்த சட்டமும் 2021இல் வந்த அரசு விதிகளும் உண்டு என்று சொன்ன பிறகே ஓய்ந்தது. அங்கே விவாதம் நிறுவனத்தின் தகுதியைப் பற்றியது. நம்முடைய சிக்கல் அதற்கும் முந்தையது. கிராமம் என்ற சொல்லுக்குள் நாம் இருக்கிறோமா என்பதே இங்கே இன்னும் தீராமல் இருக்கிறது.

பழங்காலக் கிராமச் சபை என்றாலே உத்திரமேரூரைக் காட்டுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அவை. குடவோலை முறையை மேடைதோறும் பாராட்டுகிறோம். பாராட்டுபவர்கள் கல்வெட்டின் அடுத்த வரிகளைப் படிப்பதில்லை. குடத்தில் பெயர் எழுதி இட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர் சபை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஊரின் சொத்துக்களை ஆளக் குழுக்கள் இருந்தன. ஏரியை வெட்டியவனுக்கும் கரைக்கு மண் சுமந்தவளுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை.

அதற்குச் சுமார் நூறாண்டு கழித்து, தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களைக் கணக்கெடுக்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் வரி விலக்குப் பெற்ற இடங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு என்று தனித்தனியே வருகின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. ஊர் என்ற சொல்லுக்கு அன்றே ஒரு வேலி இருந்தது. நில அளவைக்காரன் அந்த வேலியைக் கணக்கில் ஏற்றினான்.

ஆங்கிலேயர் வந்தபோது தொண்டைமண்டலத்தில் அவர்கள் கண்டது மிராசு முறை. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லீஸ், மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட கேள்விகளுக்கு எழுதிய விரிவான பதில் 1818இல் அச்சானது. திருக்குறளை மொழிபெயர்த்த அதே எல்லீஸ்தான். மிராசு ஊர் ஒன்று எப்படி இயங்கியது என்பதை அதிலிருந்து அறியலாம். ஊர் பல பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சில ஊர்களில் நிலத்தை நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டார்கள், அது அருதிக்கரை. சில ஊர்களில் பொதுவில் வைத்துக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றிப் பங்கிட்டார்கள், அது பசங்கரை. தரிசு, தோப்பு, மனை நத்தம், ஏரியின் பயன் எல்லாவற்றிலும் பங்குக்கு ஏற்ற உரிமை. பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம்.

இன்றைய சொல்லில் சொன்னால் அது ஒரு பங்குதாரர் கம்பெனி. ‘ஊருக்குச் சொந்தமான நிறுவனம்’ என்பதற்கு இதைவிடத் தெளிவான பழைய எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை. அந்தக் கம்பெனியில் நம் முன்னோர் என்னவாக இருந்தார்கள்? பங்குதாரர்களாக இல்லை. கூலிக்காரர்களாகக்கூட இல்லை. 1819இல் வருவாய் வாரியம் அடிமைகளைப் பற்றி விசாரித்தபோது, பறையரும் பள்ளரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்படுவதைப் பல மாவட்டக் கலெக்டர்கள் எழுதி அனுப்பினார்கள். கம்பெனியின் அசையும் சொத்துக்களில் ஒன்றாக அவர்கள் இருந்தார்கள். பங்கு கைமாறும்போது ஆளும் கைமாறினார். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காது என்றது. ஆனால் அடிமையாக இருந்தவருக்கு ஒரு பங்கு உண்டா என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

விடுபட்டவர் எங்கே போய் நிற்பார்? அவருடைய குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பில் இதைத்தான் அழுத்திச் சொல்கிறார். சேரி நத்தம் மிராசுதாரின் கையில் இருப்பதால், எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய் என்று சொல்ல முடிகிறது. தரிசு நிலத்துக்கு ஒரு பறையர் மனுப் போட்டால் மிராசுதாருக்கு முன்னுரிமை என்ற விதி குறுக்கே நிற்கிறது. அந்தக் குறிப்பைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30ஆம் தேதி வருவாய்த் துறை பிறப்பித்த 1010ஆம் எண் அரசாணை, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வழி செய்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். அந்த நிலம் எவ்வளவு, யார் கையில் போனது என்பது தனிக் கதை. அந்த நிலத்தை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தின்போது 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள் என்பதை இந்த அவைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஞ்சமி நிலம் தனித்தனி ஆளுக்குக் கொடுத்த நிலம். ஊர்ப்பொதுச் சொத்தில் சேரிக்கு உள்ள பங்கை அது தொடவில்லை. ஊர் என்ற கம்பெனியை அப்படியே விட்டுவிட்டு, வெளியே நிற்பவர்களுக்குக் கொஞ்சம் நிலம் கொடுத்தது. அது பெரிய காரியம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஏரியும் தோப்பும் பழைய கையிலேயே இருந்தன.

உழைப்பு மட்டும் பொதுவாக இருந்தது. குடிமராமத்தைப் பற்றி இப்போது ஏக்கத்தோடு எழுதுகிறார்கள், ஊரே கூடித் தூர் வாரியது என்று. 1858இல் சென்னை மாகாணத்துக்கு வந்த கட்டாய உழைப்புச் சட்டத்தைப் பார்த்தால் அந்த ‘ஊரே’ யார் என்பது தெரியும். கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பு ஆண்களைக் கிராமத் தலைவர்கள் அழைத்து வேலை வாங்கலாம் என்றது அது. எந்த வகுப்பு என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. மடையைத் திறப்பவர், நீர் பாய்ச்சுபவர், இரவில் கரையைச் சுற்றி வருபவர் பல வட்டாரங்களில் நம் மக்கள். மடைக்குடும்பன், நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று பெயர்களே இருக்கின்றன. மீன்பாசி ஏலம் என்று தமுக்கடித்து ஊருக்குச் சொன்னதும் நம் ஆள்தான். ஏலம் கேட்கத்தான் அவரால் முடியாது.

ஏலம் எங்கே நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஊர்களில் கோயில் மண்டபத்திலோ சாவடியிலோ நடந்தது. மண்டபத்தின் படியேற முடியாதவர் மண்டபத்தில் நடக்கும் ஏலத்தில் எப்படிக் கை தூக்குவார்? யாரும் அவரைத் தடுத்ததாக எழுத்தில் எங்கும் இருக்காது. இடமே தடுத்துவிட்டது.

இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றிய தீர்மானத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானம் அது. நடப்பதற்கும் தண்ணீர் எடுப்பதற்குமான உரிமை என்றே அதைப் படிக்கிறோம். குளம் பொது என்றால் குளத்தின் வருமானமும் பொது. அந்தத் தீர்மானத்துக்குள் இந்த வாதம் கரு அளவிலாவது இருந்தது. யாரும் அதை அந்தத் திசையில் நீட்டவில்லை.

1920இல் சென்னைக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. பிறகு 1950, 1958, கடைசியாக 1994. இந்தச் சட்டங்கள் கிராம ஊராட்சியை ஓர் ஆளாக உருவாக்கின. தொடர்ந்து நிற்கும் அமைப்பு, பொது முத்திரை, சொத்து வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தம் செய்யலாம், வழக்குப் போடலாம், அதன் மீதும் வழக்குப் போடலாம். தலைவர் மாறினாலும் இறந்தாலும் ஊராட்சி மாறாது.

அந்தச் சட்டங்களில் ஊர்ப்பொதுச் சொத்து பற்றி ஒரு பிரிவு உண்டு. அதன் பொருளை என் சொல்லில் தருகிறேன். வழக்கப்படி கிராம மக்கள் அனைவருக்கும் பொதுவாக உள்ள சொத்தோ வருமானமோ, அல்லது கிராம நிலமுடையோர்க்கு மட்டும், அல்லது ஒரு குறிப்பிட்ட பாசனத்தின் கீழ் நிலம் வைத்திருப்போர்க்கு மட்டும் பொதுவாக உள்ள சொத்தோ வருமானமோ, அரசு அறிவித்தால் ஊராட்சியின் வசம் வரும். அந்தந்த மக்களின் நன்மைக்காக ஊராட்சி அதை நிர்வகிக்கும்.

இந்தப் பிரிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். இரண்டு விஷயங்கள் அதில் உறுத்துகின்றன. ஒன்று, ‘குடியிருப்போர்’, ‘நிலமுடையோர்’ என்ற இரண்டையும் சட்டம் அருகருகே வைக்கிறது. குடியிருப்போர் என்றால் நாம் உண்டு. நிலமுடையோர் என்றால் பெரும்பாலும் நாம் இல்லை. மிராசுப் பங்கின் நிழல் மக்களாட்சிச் சட்டத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது, ‘அரசு அறிவித்தால்’. அறிவிக்காத வரை? வழக்கம் எப்படியோ அப்படி. வழக்கம் என்ன என்பதை யார் சொல்வது? ஊர் சொல்லும்.

அந்த ‘ஊர்’ சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் அல்ல என்பதுதான் இதில் வேடிக்கை. அதற்கு முத்திரை கிடையாது, பதிவு கிடையாது. வழக்குப் போட வேண்டுமானால் சிலர் ‘ஊர்ப் பொதுமக்கள் சார்பில்’ என்று போட வேண்டும். ஆனால் ஊருக்கு ஒரு மாற்று வழி இருந்தது. கோயில் தெய்வம் சட்டப்படி ஓர் ஆள். தெய்வத்துக்குச் சொத்து இருக்கலாம், தெய்வம் வழக்காடலாம். ஆகவே ஊர்ப்பொது மெல்லக் கோயில் பொதுவாக மாறியது. புளியமர ஏலப் பணம் கோயில் கணக்கில் போகும். மீன் குத்தகைப் பணத்தில் கொடை நடக்கும். அந்தக் கோயிலுக்குள் சேரி போக முடியாது, திருவிழாவுக்கு அதனிடம் வரி வாங்குவதும் இல்லை. வரி வாங்காததைச் சிலர் சலுகை என்றுகூடச் சொல்வார்கள். வரி கொடுத்தவனுக்குத்தான் கணக்குக் கேட்கும் உரிமை. அந்தச் சலுகையின் விலை அதுதான்.

ஜமீன் பகுதிகளில் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் பொது நிலம், புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், கண்மாய், மீன்வளம் எல்லாவற்றையும் அரசின் வசமாக்கியது. காகிதத்தில் அது பெரிய மாற்றம். பல ஊர்களில் ஜமீன்தாருக்குப் பதிலாக ஊரின் பெரிய சாதி வந்து உட்கார்ந்தது. அரசின் சொத்து, ஊராட்சியின் ஏலம், ஊரின் அனுபவம் என்று மூன்று அடுக்காயிற்று. மூன்றும் ஒரே சாதியின் கையில் இருந்தவரை முரண்பாடே எழவில்லை. ஊராட்சித் தலைவரும் அவர்களே, கோயில் முறைகாரரும் அவர்களே, ஏலம் எடுப்பவரும் அவர்களே. ரசீதில் ஊராட்சி முத்திரை இருந்தால் என்ன, கோயில் முத்திரை இருந்தால் என்ன?

அம்பேத்கர் இதை எதிர்பார்த்திருந்தார். 1932இல் பம்பாய் மாகாணச் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது எதிர்த்துப் பேசினார். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் சட்ட வரைவை முன்வைத்துப் பேசுகையில், மெட்காஃப் சொன்ன ‘சிறு குடியரசு’ என்ற கற்பனையை எடுத்துக்காட்டி, கிராமத்தை அலகாக வைக்காமல் தனிமனிதரை அலகாக வைத்ததில் தமக்கு மகிழ்ச்சி என்றார். அதற்காக அவரைத் திட்டியவர்கள் பலர். அதே மாதம் 22ஆம் தேதி தமிழகத்தைச் சேர்ந்த கே.சந்தானம் கிராமப் பஞ்சாயத்துக்களை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுவே 40ஆம் பிரிவு. விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சொல்வது எளிது. ஆனால் 40ஆம் பிரிவு உருவாக்கச் சொன்ன பஞ்சாயத்து, வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை உள்ள அரசியல் சட்டத்தின் கீழ் வரும் பஞ்சாயத்து. பழைய ஊர் அல்ல. அந்த வேறுபாடு வேலை செய்யத் தொடங்க நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. 1996 தேர்தலில் முதல்முறையாகத் தலைவர் பதவிகள் மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கப்பட்டன. அந்த நாள்வரை ஒன்றாக இருந்த இரண்டு ஆட்கள், சட்டத்தில் உள்ள ஊராட்சியும் சட்டத்தில் இல்லாத ஊரும், தனித்தனியாகப் பிரிந்தார்கள். ஊராட்சியின் முத்திரை சேரிக்குப் போனது.

மேலவளவில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். வேட்புமனுப் போட்டவர்களின் வீடுகள் எரிந்தன. வேலை தர மாட்டோம், மாடு மேய்க்க விடமாட்டோம், பட்டா நிலத்துக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டோம் என்று மிரட்டினார்கள். மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. மறுபடி நடந்த தேர்தலில் வாக்குச்சாவடி தாக்கப்பட்டது. 1996 டிசம்பர் 31ஆம் தேதி காவல் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரால் நுழைந்து வேலை பார்க்க முடியவில்லை. எரிந்த வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரைக் கலெக்டர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது 1997 ஜூன் 30ஆம் தேதி அவரும் உடன் வந்தவர்களுமாக ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

அவர்கள் மிரட்டிய சொற்களை மறுபடி பாருங்கள். மேய்ச்சல், தண்ணீர், வேலை. இவை பொருளாதாரச் சொற்கள். மேலவளவை மானத்தின் கதையாகவே நாம் பேசி வந்திருக்கிறோம். ஒரு தலித் நாற்காலியில் உட்காருவதைப் பொறுக்க முடியவில்லை என்கிறோம். அது உண்மை. ஆனால் அந்த நாற்காலி வெறும் மரமல்ல. கண்மாய்க் குத்தகையை எப்போது, எங்கே, யார் முன்னால் ஏலம் விடுவது என்று முடிவுசெய்யும் நாற்காலி அது. வேலை ஒப்பந்தம் யாருக்கு, தெருவிளக்கு எந்தத் தெருவுக்கு, புறம்போக்கை வளைத்திருப்பவருக்கு நோட்டீஸ் கொடுப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. கொலைக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. சாதியை மானத்தின் மொழியில் மட்டும் பேசும்போது அது காக்கும் சொத்து கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது என்றுதான் சொல்கிறேன். 2001இல் சேலம் நீதிமன்றம் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. 2008இல் மூவரும் 2019 நவம்பரில் பதின்மூவரும் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உடனே ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார்கள். பத்தாண்டுகள் ஊராட்சி என்ற சட்டப்படியான ஆள் அங்கே வெறும் காகிதத்தில் இருந்தார். அரசு நிதி வராமல் போனாலும் பரவாயில்லை, முத்திரை மட்டும் கைமாறக் கூடாது என்று ஓர் ஊர் முடிவெடுக்கிறது என்றால், தன் நலனைவிடத் தன் உடைமையை அது பெரிதாக நினைக்கிறது. வேறு சில ஊர்களில் தலைவர் பதவியையே ஏலம் விட்டார்கள். அதிகப் பணம் கேட்டவர் போட்டியின்றித் தலைவர். பணம் கோயிலுக்கு. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. கண்மாய் மீனைப்போல ஊராட்சியே ஊரின் குத்தகைப் பொருள் என்கிறார்கள்.

இப்போது முன்பைப் போல் வெளிப்படையாக நடப்பது குறைந்திருக்கிறது. ஆனால் கருவிகள் மாறியிருக்கின்றன. தமிழ்நாட்டில் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தனி ஊராட்சி ஒன்றில் பெரும்பாலும் அவர் யாராக இருப்பார் என்பது சொல்லாமலே தெரியும். ஒருவர் தவறு செய்தால் மற்றவர் தடுக்கட்டும் என்ற நல்ல நோக்கத்தில் வைத்த விதி, சாதி உள்ள ஊரில் வேறு வேலை செய்கிறது. மோட்டார் பழுதாகிச் சேரிக்குத் தண்ணீர் வரவில்லை. தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாவது கையெழுத்து வரவில்லை. வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் அது எளிதில் குற்றமாகப் பதிவாகாது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானபோது நாடே கொதித்தது. தரையில் உட்கார்ந்திருப்பதைப் படம் எடுக்க முடியும். வராத கையெழுத்தைப் படம் எடுக்க முடியாது.

சரி, வேறு வழியில் எங்காவது நடந்திருக்கிறதா? பஞ்சாபைப் பார்க்கலாம். அங்கேயும் ஊர்ப்பொது நிலம், ‘ஷாமிலாத்’, நிலவரி கட்டும் உடைமையாளர்களின் கூட்டுச் சொத்தாகவே இருந்தது. 1900ஆம் ஆண்டின் நில மாற்றுத் தடைச் சட்டம் விவசாயச் சாதிகள் என்று ஒரு பட்டியல் போட்டு, பட்டியலில் இல்லாத தலித்துகள் அவர்களிடமிருந்து நிலம் வாங்கவே முடியாதபடி செய்தது. விடுதலைக்குப் பிறகு ஷாமிலாத் நிலம் பஞ்சாயத்தின் வசமானது. உடைமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். பொது நிலத்தைப் பஞ்சாயத்துக்கும் நிலமற்றோரின் வீட்டு மனைக்கும் ஒதுக்குவது நிலச் சீர்திருத்தத்தின் பகுதியே என்று ரஞ்சித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961 சட்டமும் 1964 விதிகளும் வந்தன. அந்த விதிகளின்படி பயிரிடத்தக்க பஞ்சாயத்து நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஏலம் விடும்போது தலித்துகளுக்கென்றே ஒதுக்க வேண்டும்.

விதி இருந்தது. ஐம்பது ஆண்டுகள் அது பெரும்பாலும் ஏமாற்றாக நடந்தது. பெரிய விவசாயி தன் பண்ணையில் வேலை செய்யும் தலித் பெயரில் ஏலம் எடுப்பார். காகிதத்தில் குத்தகைதாரர் தலித், நிலத்தில் டிராக்டர் அவருடையது. 2014இல் சங்ரூர் பகுதியில் ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி உருவானபோது அவர்கள் புதிய சட்டம் எதையும் கேட்கவில்லை. இருக்கும் விதியை உண்மையாக நடத்து என்றார்கள். போலி ஏலத்தை மறித்தார்கள். தடியடி பட்டார்கள். பலத் கலான் போன்ற ஊர்களில் தலித் குடும்பங்கள் சேர்ந்து ஏலம் எடுத்துக் கூட்டாகப் பயிரிட்டார்கள். 2016இல் ஜலூரில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன.

அந்தக் கூட்டுச் சாகுபடியில் லாபம் பெரிதாக ஒன்றும் இல்லை. பெண்கள் அங்கே சொன்னது வேறு. மாட்டுக்குப் புல் அறுக்க மற்றவர் வயலுக்குப் போய் அவர்கள் ஏச்சையும் சீண்டலையும் கேட்க வேண்டியிருந்தது. இப்போது தங்கள் குத்தகை நிலத்தில் பசுந்தீவனம் விளைகிறது. நலத்திட்டம் என்ற சொல்லை நாம் பயன்படுத்தும்போது இலவசப் பொருளையும் வங்கிக் கணக்கில் விழும் தொகையையும் நினைக்கிறோம். ஒரு கட்டுப் புல்லை யாருடைய வசவும் இல்லாமல் அறுப்பது எந்தத் திட்டத்தின் தலைப்பிலும் வராது. ஊர்ப்பொதுவில் உரிமை இருந்தால்தான் அது வரும்.

நம்மிடம் அப்படி ஒரு விதி இல்லை. ஊராட்சியின் மீன்பாசியிலும் மரக் குத்தகையிலும் தலித்துகளுக்கு ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்று நம் இயக்கங்கள் உரக்கக் கேட்டதும் குறைவு. நாம் நாற்காலியைக் கேட்டோம், பாதையைக் கேட்டோம், கேட்க வேண்டியவைதான். கணக்குப் புத்தகத்தைக் கேட்கவில்லை. பொதுநிலம் பற்றி 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னபோது, நிலமற்றோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் அரசு ஆணைப்படி கொடுத்த குத்தகைகளை விதிவிலக்காகக் குறிப்பிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டி நம் மக்களின் குடிசைகளை அகற்ற நோட்டீஸ் வரும்போது, அதே தீர்ப்பின் அந்த வரியை எடுத்துக்காட்ட நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த மன்றத்தில் எழுதுகிறவர்கள் பலர், ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த சபைக்குப் போகும்போது உங்கள் ஊரில் சென்ற ஆண்டு மீன்பாசி எவ்வளவுக்குப் போனது, புளி எவ்வளவுக்குப் போனது, ஏலம் எந்த இடத்தில் நடந்தது, யார் யார் கேட்டார்கள், பணம் எந்தக் கணக்கில் விழுந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஏல நோட்டீஸ், ரசீது, கோயில் வரவுச் சிட்டை எது கிடைத்தாலும் நகலெடுத்து மன்றத்துக்கு அனுப்புங்கள். ரசீதில் யார் பெயர் இருக்கிறது, யாருடைய முத்திரை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதியை அந்தக் காகிதங்களை வைத்துத்தான் எழுத முடியும்.